குறிஞ்சியும் செங்காந்தளும்: உறவும் பாதுகாப்பு நிலையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச்செடிகளைப் பற்றிப் பேச வாய்க்கும் இடங்களில் எல்லாம் இரண்டு பூக்களைப் பற்றியே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒன்று நீலக்குறிஞ்சி, மற்றொன்று தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். கேட்பவர்கள் மாறினாலும் ஐயம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. எந்தச் செடி அழிந்துகொண்டிருக்கிறது என்பதை, அதன் பூவை நாம் எத்தனை முறை பார்த்தோம் என்பதை வைத்து முடிவு செய்துவிடுகிறோம். காதில் விழுந்த கேள்விகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

குறிஞ்சியும் காந்தளும் சொந்தக்காரச் செடிகள்தானே? இரண்டும் மலைப்பூ என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்தது சரிதான், ஆனால் அது இலக்கிய உறவு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பறித்துக் குவிக்கும் பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. ஐந்தாவது பெயராகவே குறிஞ்சி வந்துவிடுகிறது. நிலத்தையும் ஒழுக்கத்தையும் கொண்டு பூக்களைச் சேர்த்து வைப்பது திணை மரபு. செடியின் பிறப்பு வழியைக் கொண்டு சேர்ப்பது தாவரவியல்.

அந்தக் கணக்கில் இவ்விரண்டும் மிகத் தொலைவில் நிற்கின்றன. செங்காந்தள் நெல், தென்னை, மூங்கில், வாழை ஆகியவற்றைப் போல ஒருவித்திலைத் தாவரம். குறிஞ்சியோ இருவித்திலைத் தாவரம். பூக்கும் தாவரங்களுக்குள் இந்த இரு கிளைகளும் 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. இரண்டும் பூப்பவை, இரண்டும் நம் மலைகளில் காணப்படுபவை என்பதற்கு மேல் இவற்றுக்கிடையே நெருக்கம் ஒன்றும் இல்லை. காந்தளை மலைப்பூ என்று மட்டும் சொல்வதுகூட முழு உண்மை ஆகாது. சமவெளியின் வேலிகளிலும் வேதாரண்யத்துக் கடலோர மணலிலும் அது படர்ந்து கிடக்கும்.

அப்படியானால் இவற்றின் உண்மையான உறவுக்காரச் செடிகள் எவை?

குறிஞ்சியின் உறவினர் பலர் நமக்கு அன்றாடம் பழக்கமானவர்கள். ஆடாதோடை, நீர்முள்ளி, நிலவேம்பு, கனகாம்பரம் ஆகிய எல்லாம் குறிஞ்சி சேர்ந்திருக்கும் அக்காந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்குள் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் ஏறத்தாழ 450 இனங்கள் உள்ளன. நாம் நீலக்குறிஞ்சி என்று சொல்வது அவற்றில் ஒன்றான ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. குறிஞ்சி என்ற பெயரைப் பொதுவாக அந்தப் பேரினம் முழுவதற்கும் வழங்குவதால் வரும் குழப்பத்தைப் பின்னால் பார்ப்போம்.

செங்காந்தளின் அறிவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. முன்பு அதை லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது கோல்ச்சிகேசி என்ற தனிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிக்கம் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் செடி. கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருளுக்கு அந்தச் செடியிலிருந்தே பெயர் வந்தது. அதே நச்சு நம் காந்தளிலும் இருப்பது தற்செயல் அன்று, குடும்பச் சொத்து.

படம் எதுவும் காட்டாமல் சொல்லுங்கள், இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது?

செங்காந்தள் ஒரு கொடி. அதன் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூவில் ஆறு இதழ்கள் ஓரம் நெளிந்து, பின்புறமாக மேல்நோக்கி வளைந்து, தீக்கொழுந்து போல நிற்கும். பூக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக ஆகச் சிவப்பேறும். ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மூன்று அறைகள் கொண்ட காய் என எதை எண்ணினாலும் மூன்றின் மடங்காக வருவது ஒருவித்திலைத் தாவரங்களின் அடையாளம். மண்ணுக்கடியில் கிழங்கு கலப்பை போல இரு கைகளாகக் கவைத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர்கள் உண்டு. விவசாயிகள் பெரும்பாலும் கண்வலிக்கிழங்கு என்றே சொல்கிறார்கள்.

குறிஞ்சி ஒரு புதர். திறந்த புல்வெளியில் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஒதுக்கமான சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேலும் வளர்வதுண்டு. இதழ்கள் தனித்தனியாக இல்லாமல் இணைந்து, ஐந்து மடல்கள் கொண்ட சிறு மணியாக, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கும். தனிப்பூவில் பகட்டு ஒன்றுமில்லை. சரிவு முழுவதும் சேர்ந்து பூக்கும்போதுதான் கண் நிறையும். பழைய பாட்டு அதைக் ‘கருங்கோற் குறிஞ்சி’ என்கிறது. கருத்த தண்டைக் கவனித்துச் சொன்ன அந்த அடைமொழி, பூ இல்லாத காலத்தில் செடியைத் தேடுபவருக்கு இன்றும் உதவும்.

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது உண்மையா, சுற்றுலாவுக்காகச் சொல்லும் கதையா?

உண்மை. 1970, 1982, 1994, 2006, 2018 என்று பெருமலர்ச்சி ஒழுங்காக வந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்கான பதிவுகள் உள்ளன. அடுத்தது 2030-இல் வர வேண்டும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. 2018-இல் பூத்த செடி 2030-இல் மறுபடியும் பூக்காது. குறிஞ்சி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதைத்து, இறந்துவிடும். 2030-இல் நாம் பார்க்கப்போவது 2018-இன் விதைகளிலிருந்து முளைத்த அடுத்த தலைமுறை. இந்த ஒரு செய்தி மனத்தில் நின்றுவிட்டால் பாதுகாப்பு நிலை பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

ஆனால் 2022-இலும் இடுக்கியில் பூத்தது என்று செய்தி வந்ததே? கணக்கு உதைக்கிறதே?

இடுக்கி மாவட்டத்துக் கள்ளிப்பாறையில் 2022-இல் பூத்தது உண்மைதான். எல்லா மலைகளிலும் உள்ள குறிஞ்சிக்கூட்டங்கள் ஒரே ஆண்டில் பிறந்தவை அல்ல. 2006, 2018 என்ற வரிசையில் வருவது மூணாறு, நீலகிரி, பழனி மலைகளின் பெருங்கூட்டம். அதிலிருந்து சில ஆண்டுகள் தள்ளிப் பிறந்த சிறு கூட்டங்கள் ஆங்காங்கே உண்டு. அவை தத்தம் ஆண்டுக்கணக்கில் பூக்கின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பு சொன்னபடி, ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் வேறு பல இனங்களையும் மக்கள் குறிஞ்சி என்றே அழைக்கிறார்கள். அவற்றில் ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு, வேறு இடைவெளிகளில் பூப்பவையும் உண்டு. எனவே ‘இந்த ஆண்டும் குறிஞ்சி பூத்தது’ என்ற செய்தியைக் கண்டால், எந்த இனம், எந்தச் சரிவு என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏன் இப்படி ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் சாக வேண்டும்? அதில் செடிக்கு என்ன லாபம்?

பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால், விதை தின்னும் பூச்சிகளும் பறவைகளும் எலிகளும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். பல ஆண்டுகள் எதையும் தராமல் இருந்து, ஒரே பருவத்தில் மலை முழுவதும் விதையைக் கொட்டினால், தின்பவை எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். மகரந்தச் சேர்க்கைக்கும் இது உதவுகிறது. சரிவெங்கும் ஒரே பூ என்றால் தேனீக்கள் வேறு எதையும் நாடுவதில்லை. குறிஞ்சித்தேன் என்று தனியாகப் பேசப்படுவதும் அதனால்தான்.

மூங்கிலும் இதையே செய்கிறது, பல ஆண்டுகள் காத்திருந்து கூட்டமாகப் பூத்துச் சாகிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிறப்பு வழியில் மூங்கில் குறிஞ்சியைவிடக் காந்தளுக்கே நெருக்கம். வாழும் முறையிலோ அது குறிஞ்சியை ஒத்திருக்கிறது. உறவைப் பார்த்து ஒரு செடியின் வாழ்க்கையை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

காந்தளும் கோடையில் காய்ந்து செத்துவிடுகிறதே? அதுவும் ஒருமுறைதான் பூக்குமா?

சாவது மண்ணுக்கு மேலே உள்ள தண்டும் இலையும் மட்டுமே. கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். மழை வந்ததும் கிழங்கின் கை நுனியில் உள்ள முளை எழுந்து புதுக்கொடியாகும். பழைய கிழங்கின் சத்தை எடுத்துக்கொண்டு அடியில் புதுக்கிழங்கு உருவாகும். ஆண்டுதோறும் பூக்கும். விதை தவறிப்போனாலும் கிழங்கு காப்பாற்றும். கிழங்கைத் தோண்டிவிட்டால், விதை விழுந்த இடங்களில் அது காப்பாற்றும்.

ஆக, காந்தளுக்கு இரண்டு வழிகள் உள்ளன, குறிஞ்சிக்கு ஒன்றுதான். 12 ஆண்டுச் சேமிப்பை ஒரே பருவத்து விதையில் கொட்டிவிட்டு நிற்கும் குறிஞ்சிக்கு, அந்தப் பருவமோ அதற்கடுத்த முளைப்புக் காலமோ தவறினால், அந்தச் சரிவில் ஈடு செய்யத் தாய்ச்செடி எதுவும் மிஞ்சியிராது.

செம்பட்டியல் என்று சொல்கிறார்களே, அதில் இவை எந்த இடத்தில் உள்ளன?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் நடத்திவரும் பட்டியல் அது. போதிய தரவு கிடைத்த ஒவ்வோர் இனத்தையும் ஒரு படியில் வைக்கிறார்கள். கவலை குறைந்த இனம், அச்சுறு நிலையை அண்மித்த இனம், அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் என்று படிகள் ஏறும். அதற்கு மேல் இயலிடத்தில் அற்றுவிட்டது, முற்றிலும் அற்றுவிட்டது என்பவை. நடுவில் உள்ள அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய ஆகிய மூன்றையும் சேர்த்தே ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானவை’ என்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி 2024-இல்தான் முதன்முறையாக உலக அளவில் மதிப்பிடப்பட்டு, அழிவாய்ப்பு இனமாகச் சேர்க்கப்பட்டது. இவ்வளவு புகழ்பெற்ற செடிக்கு அத்தனை காலம் மதிப்பீடே இல்லாமல் இருந்தது வியப்புத்தான். செங்காந்தள் கவலை குறைந்த இனங்களில் இருக்கிறது.

இலட்சக்கணக்கில் பூத்து மலையே நீலமாகிறது. அது எப்படி அழிவாய்ப்பு இனம் ஆகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓர் இனம் அச்சுறுத்தலில் உள்ளதா என்பதை முடிவு செய்யச் செம்பட்டியல் பல அளவுகோல்களை வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறைவாக இருப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. இன்னொன்று, இருந்தது எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது. குறிஞ்சி இந்த இரண்டாவது வாயில் வழியாகத்தான் பட்டியலுக்குள் வந்தது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்து, குறைவுக்கான காரணம் இன்னும் நீங்காமல் இருந்தால் அது அழிவாய்ப்பு இனம். வாழிடத்தின் பரப்பும் தரமும் குறைந்ததைக் கொண்டு இந்தக் குறைவை அளக்கலாம். குறிஞ்சியின் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இழக்கப்பட்டுவிட்டது என்பது மதிப்பீட்டின் கணக்கு.

இங்கே தலைமுறை என்ற சொல் முக்கியமானது. 12 ஆண்டு ஒரு தலைமுறை என்றால் மூன்று தலைமுறை 36 ஆண்டு. ஓராண்டுச் செடிக்குப் பத்து ஆண்டைப் பார்த்தால் போதும். குறிஞ்சிக்கோ ஒரு மனிதரின் பணிக்காலம் அளவுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். அந்தக் கால அளவுக்குள் நடந்த மாற்றங்கள் எல்லாம், நாம் மூன்று மலர்ச்சிகளை மட்டுமே பார்த்திருக்கும்போது நடந்து முடிந்துவிடுகின்றன. எஞ்சிய சரிவு முழுவதும் பூத்து நிற்பதைப் பார்த்து மகிழ்பவருக்கு, பக்கத்துச் சரிவு தேயிலையாக மாறிப்போனது கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று, குறிஞ்சி வாழும் உலகமே சிறியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேல், தென்மேற்கு இந்தியாவின் உயர்மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கும் நிலத்தில்தான் அது உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே என்றால் சேர்வராயன் மலையில் ஒரு சிறு கூட்டம் மட்டுமே. உலகில் வேறெங்கும் இல்லை. மேலே போக மலை இல்லை, கீழே இறங்கினால் தட்பவெப்பம் ஒத்துவராது.

எங்கள் ஊரில் வேலிக்கு வேலி இருந்த காந்தள் இப்போது கண்ணிலேயே படுவதில்லை. அதற்குப் போய்க் கவலை குறைந்த இனம் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்களே?

உங்கள் கண்ணும் சரி, பட்டியலும் சரி. பட்டியல் பேசுவது உலகம் முழுவதையும் சேர்த்து. செங்காந்தள் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியிலும் தெற்கிலும், இந்தியாவிலும், இலங்கையிலும், தென்கிழக்காசியாவிலும் இயல்பாக வளர்கிறது. சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். ஆஸ்திரேலியாவுக்கு அழகுச்செடியாகக் கொண்டுபோனது, கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் பரவி, அங்கே களையாகக் கருதப்பட்டு அகற்றப்படுகிறது. இவ்வளவு பரந்த ஓர் இனம் ஒரு மாவட்டத்தில் குறைந்தாலும் உலகக் கணக்கில் அசைவு தெரியாது.

ஆனால் ‘கவலை குறைந்த’ என்ற சொற்கள் ‘எங்கும் நலம்’ என்று பொருள்படா. உலக அளவில் உடனடியாக அற்றுப்போகும் ஆபத்து இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். உயிர்வேலிகள் போய்க் கம்பிவேலிகள் வந்ததும், கிழங்குக்காகத் தோண்டுவதும், புதர்க்காடுகள் அழிக்கப்பட்டதும் ஓர் ஊரின் காந்தளை முழுவதுமாகத் துடைத்துவிடக்கூடும். செம்பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறாது. ‘லீஸ்ட் கன்சர்ன்’ என்ற ஆங்கிலப் பெயரின் இந்தத் தமிழாக்கத்தைப் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. ‘உலகளவில் ஆபத்துக் குறைவு’ என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வயலில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்களே? அப்புறம் காட்டுக் காந்தளுக்கு என்ன ஆபத்து?

மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு பணப்பயிர். பந்தலோ கம்பி வேலியோ அமைத்துக் கொடியை ஏற்றி, விதைக்காக வளர்க்கிறார்கள். சூலகத்தண்டு பூவிலிருந்து பக்கவாட்டில் மடிந்து, மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் காய்ப்பிடிப்புக் குறையும். அதனால் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் கூடுதலாக இருப்பதால் சந்தை விதையைத்தான் கேட்கிறது. இந்த விதத்தில் சாகுபடி காட்டுக்கு நல்லதே செய்கிறது. மருந்து நிறுவனங்களுக்கு வேண்டிய விதையைக் காட்டிலிருந்து பறிக்கும் தேவை இல்லை.

ஆபத்து விதையில் இல்லை, நடவுக்கிழங்கில் இருக்கிறது. விதை போட்டு வளர்த்தால் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். கிழங்கு நட்டால் விரைவில் காய்க்கும். ஒரு கிழங்கிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிழங்குகளே கிடைப்பதால், விலை ஏறிப் பரப்பு விரியும் காலங்களில் நடவுக்கிழங்குக்குத் தட்டுப்பாடு வருகிறது. அப்போது காட்டில் தோண்டுகிறார்கள். தோண்டும்போது நுனி முளை ஒடிந்த கிழங்கு நடவுக்கும் ஆகாது, காட்டுக்கும் மிஞ்சாது. ஆகவே, ‘பயிராகிறது, எனவே காட்டில் பாதுகாப்பு’ என்று நேராக முடிவு கட்டிவிட முடியாது. நடவுக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும்.

காந்தள் விஷம் என்கிறார்கள், மருந்து என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒரே பொருள். கோல்ச்சிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கிறது. பிரித்தெடுத்து, மிகச் சிறிய அளவில், மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது கீல்வாத வகையில் ஒன்றான கவுட் நோய்க்கு மருந்து. பயிர் மேம்பாட்டாளர்கள் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் இதையே பயன்படுத்துகிறார்கள். கிழங்கைத் தின்றால் அளவு யாருடைய கையிலும் இல்லை. சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், பிறகு பல உறுப்புகள் கெடும், உயிரும் போகும். உண்ணும் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. எனவே வீட்டு வைத்தியமாக இதை எந்த வடிவிலும் முயலக் கூடாது. தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நச்சு இருப்பதால் ஆடு மாடு தின்னாமல் காந்தள் தப்பிக்கிறது என்பது உண்மை. அதே நச்சுக்காகத்தான் மனிதர் அதைத் தோண்டுகிறார்கள்.

மாநில மலர் என்பதால் காந்தளைப் பறித்தால் தண்டனை உண்டா? குறிஞ்சிக்கு?

மாநில மலர் என்பது மதிப்பு அடையாளம். அதனாலேயே தனிச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. உங்கள் வேலியில் படர்ந்த காந்தளையோ வயலில் பயிரிட்டதையோ பறிக்கத் தடை இல்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் எந்தச் செடியையும் தோண்ட வனச்சட்டம் இடம் தராது; காந்தளுக்கும் அது பொருந்தும்.

குறிஞ்சியின் நிலை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியல் ஆறிலிருந்து 19 ஆக விரிந்தபோது நீலக்குறிஞ்சியும் அதில் இடம்பெற்றது. அது இப்போது மூன்றாம் அட்டவணையில் உள்ளது. காட்டிலிருந்து பறிப்பதும், பிடுங்குவதும், விற்பதும், உரிமம் இன்றி வளர்ப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. தம் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்காக எடுக்கும் பழங்குடியினருக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. அட்டவணையில் காந்தள் இல்லை. செம்பட்டியல் ஒரு மதிப்பீடு, அட்டவணை ஒரு சட்டம்; ஒன்றில் இருப்பதால் மற்றொன்றில் தானாக இடம் கிடைத்துவிடாது.

குறிஞ்சி விதையைக் கொஞ்சம் எடுத்து வந்து வீட்டில் போட்டால் இனம் பெருகும்தானே?

முந்தைய விடையின்படி அது குற்றம். அதோடு, 1,300 மீட்டருக்குக் கீழே அதற்கு வாழ்வும் இல்லை. வீட்டில் அழகுக்கு வளர்க்க ஆசைப்படுபவர்கள் காந்தளை வளர்க்கலாம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

மலையில் மரம் நட்டால் குறிஞ்சிக்கு நல்லதுதானே?

பெரும்பாலும் கெடுதல். உயர்மலைப் புல்வெளியை ‘மரம் இல்லாத வீண் நிலம்’ என்று பார்த்த பார்வைதான் குறிஞ்சிக்கு நேர்ந்த பெருங்கேடு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நீலகிரியில் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரங்களும், பின்னர் விரிந்த மரக்கூழ்த் தோட்டங்களும் புல்வெளிகளை மூடின. மலை மக்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரம் யாரும் நடாமலே பரவுகிறது. கற்பூர மரம் எனப்படும் யூக்கலிப்டசும் பைன் மரமும் உடன் நிற்கின்றன. இவற்றின் நிழலில் குறிஞ்சி முளைக்காது. அதன் காய் உலர்ந்து வெடித்து விதையைச் சிறிது தூரமே எறிவதால், நடுவில் ஒரு சீகைத் தோப்பு வந்துவிட்டால் அடுத்த புல்வெளிக்குத் தாண்டிப் போகவும் இயலாது.

இந்த மலைகளில் மரம் இருக்க வேண்டிய இடம் மடிப்புகளில் உள்ள சோலைக்காடு. அதற்கு வெளியே புல் இருப்பதே இயற்கை. அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதுதான் இங்கே வனப் பாதுகாப்பு.

இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது, குறிஞ்சிக்கென்றே சரணாலயமும் இருக்கிறது. இன்னும் என்ன கவலை?

இடுக்கி மாவட்டத்தில் கொட்டகாம்பூர், வட்டவடை கிராமங்களில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலை சரணாலயம் 2006 மலர்ச்சியின்போது அறிவிக்கப்பட்டது. ஒரு செடிக்காகச் சரணாலயம் என்பது நம் நாட்டில் அரிது; அஞ்சல் துறை குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் அறிவிப்புக்கும் எல்லை கட்டுவதற்கும் இடையே குடியேறியவர்களின் நில உரிமை, பட்டா ஆகிய சிக்கல்கள் நீண்டன. இரவிகுளம் வரையாடுகளுக்காகக் காக்கப்படும் நிலம் என்பதால், அங்கே குறிஞ்சி நன்றாக இருக்கிறது.

கவலை பூங்காக்களுக்கு வெளியே உள்ள சிறு சிறு கூட்டங்களைப் பற்றியது. சாலையோரம், தேயிலைத் தோட்டத்து விளிம்பு, விடுதி கட்ட வாங்கிப் போட்ட மனை போன்ற இடங்களில் உள்ளவை பூக்காத 11 ஆண்டுகளில் வெறும் புதராகவே தெரிகின்றன. வெட்டுபவருக்கு, தாம் வெட்டுவது குறிஞ்சி என்பதே தெரிவதில்லை.

இவ்வளவு தூரத்து உறவு உள்ள இரண்டு செடிகளை ஏன் ஒப்பிட வேண்டும்? ஒரே பேரினத்துச் செடிகளை ஒப்பிட்டால்தானே அறிவியல்?

கேள்வியைப் பொறுத்தது. ஒரு பண்பு எப்படித் தோன்றியது என்று கேட்டால் நெருங்கிய உறவினரை ஒப்பிட வேண்டும். எது ஒரு செடியை ஆபத்தில் தள்ளுகிறது என்று கேட்டால், உறவே இல்லாதவற்றை ஒப்பிடுவதிலும் பலன் உண்டு. உறவு காரணம் இல்லை என்பது அப்போதே விலகிவிடும். இங்கே மிஞ்சுபவை மூன்று: எவ்வளவு பரந்து வாழ்கிறது, எத்தனை வழிகளில் பெருகுகிறது, மனிதர் அதனிடம் வேண்டுவது செடியையா அல்லது அது நிற்கும் நிலத்தையா. குறிஞ்சிச் செடியை யாரும் தோண்டி விற்பதில்லை. அதன் நிலத்தைத்தான் கேட்கிறார்கள். காந்தளின் நிலத்தை யாரும் தேடிப் போவதில்லை, கிழங்கைத்தான் கேட்கிறார்கள். ஆகவே, ஒன்றைக் காக்கச் சரிவைக் காக்க வேண்டும், மற்றொன்றைக் காக்க நடவுக்கிழங்குச் சந்தையைச் சீர்செய்ய வேண்டும்.

2030-இல் பூக்கும்போது போய்ப் பார்க்கலாமா, அதுவும் தவறா?

பார்க்கலாம். அனுமதித்த பாதையில் நடந்து, பூவைப் பறிக்காமல், கூட்டம் குறைந்த வேலைநாளில் போவது நல்லது. பெருமலர்ச்சி பொதுவாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. மழையைப் பொறுத்து முன்பின் ஆகும்.

பலரும் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பூ இருக்கும்போது மிதிபடுவதைவிட, பூ உதிர்ந்த பின்வரும் மாதங்களில் மிதிபடுவதும் தீப்பிடிப்பதும்தான் குறிஞ்சிக்குக் கூடுதல் கேடு. அப்போது செடி காய்ந்த சுள்ளியாக நிற்கும். கூட்டமும் காவலும் கலைந்திருக்கும். அந்தச் சுள்ளிகளில்தான் 2042-இன் விதை இருக்கிறது.